இணையச் சந்தையில் பொருள் விற்பனை: பாதுகாப்பு விதிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

2025 மார்ச் மாதம், திருவள்ளூர் மாவட்டம் புதுவாயலில் உள்ள அமேசான் கிடங்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள் சோதனை நடத்தினர். வெப்பம் காக்கும் குடுவைகள், உணவுக் கலன்கள், உலோகக் குடிநீர் பாட்டில்கள், மின்விசிறிகள், பொம்மைகள் என 3,376 பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அவற்றின் மதிப்பு சுமார் 36 லட்சம் ரூபாய். அதே மாதம் தில்லியில் உள்ள அந்நிறுவனத்தின் கிடங்கில் வாட்டர் ஹீட்டர், மிக்சி உள்ளிட்ட 3,500-க்கும் மேற்பட்ட பொருள்கள் கைப்பற்றப்பட்டன. பிளிப்கார்ட் குழுமத்தைச் சேர்ந்த இன்ஸ்டாகார்ட்டின் தில்லிக் கிடங்கிலிருந்து 590 ஜோடி விளையாட்டுக் காலணிகள் எடுத்துச் செல்லப்பட்டன.

பறிமுதலான பொருள்களில் கட்டாயம் இருக்க வேண்டிய தரமுத்திரை இல்லை என்பதே குற்றச்சாட்டு. அவை வாடிக்கையாளரின் வீட்டுக்குச் சென்றவை அல்ல. யாருக்கும் காயம் ஏற்படுத்தியவையும் அல்ல. விற்பனைக்காகக் கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, அவ்வளவே. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அதுவே மீறலுக்குப் போதுமானது.

கைப்பேசி ஒன்றும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால் இன்று எவரும் இணையச் சந்தையில் விற்பனையாளர் ஆகலாம். மொத்தச் சந்தையில் வாங்கிய குக்கரையோ சார்ஜரையோ படம் பிடித்துப் பட்டியலிடச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களில் எத்தனை சட்டக் கடமைகளை அவர் ஏற்றுக்கொள்கிறார் என்பதை விற்பனையாளர் பலர் அறிவதில்லை. விற்பனையாளர், தளம், உற்பத்தியாளர், இறக்குமதியாளர் ஆகியோரில் யாருக்கு என்ன பொறுப்பு, மீறினால் என்ன நேரும், வாங்குவோர் எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

முத்திரை கட்டாயமாவது எப்படி?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்கும் தரநிலைகள் இயல்பில் விருப்பத்தின்பேரில் பின்பற்றப்படுபவை. பொதுநலம், மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் உடல்நலம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு, நேர்மையற்ற வணிக முறைகளைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காக ஒரு பொருளுக்குத் தரமுத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு ஆணையிடும்போதுதான் அது சட்டக் கடமை ஆகிறது. 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 16-வது பிரிவு இந்த அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டம் 2017 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது.

அவ்வாறு பிறப்பிக்கப்படுபவையே தரக் கட்டுப்பாட்டு ஆணைகள். பொருளைப் பொறுத்து இவற்றை வெவ்வேறு அமைச்சகங்கள் பிறப்பிக்கின்றன. 2025 மார்ச் நிலவரப்படி 769 வகைப் பொருள்களுக்குச் சான்று கட்டாயமாக்கப்பட்டிருப்பதாக அரசு தெரிவித்தது. இந்தப் பட்டியல் நிலையானது அன்று. புதிய பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. சில ஆணைகளின் அமலாக்கத் தேதி தள்ளிவைக்கப்படுகிறது. சில ஆணைகள் திரும்பப் பெறவும் படுகின்றன. நெகிழி, செயற்கை இழை போன்ற சில மூலப்பொருள்களுக்கான ஆணைகள் 2025 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. சென்ற ஆண்டு முத்திரையின்றி விற்ற பொருளை இந்த ஆண்டும் அப்படியே விற்கலாம் என்று கருதுவது ஆபத்தானது.

மூன்று வகை அடையாளங்கள்

நுகர்பொருள்களில் பெரும்பாலும் காணப்படும் அடையாளங்கள் மூன்று.

முதலாவது ஐஎஸ்ஐ முத்திரை. குக்கர், தலைக்கவசம், பொம்மை, கேஸ் அடுப்பு, மின்விசிறி போன்றவற்றுக்கு உரியது. முத்திரையின் மேலே தரநிலை எண்ணும், கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். தொழிற்சாலையை நேரில் ஆய்வு செய்து, மாதிரிகளைப் பரிசோதித்த பிறகே இந்த உரிமம் வழங்கப்படுகிறது.

இரண்டாவது கட்டாயப் பதிவுத் திட்டத்தின் அடையாளம். மின்னணுப் பொருள்களுக்காக 2012-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையில் இருந்து தொடங்கிய இத்திட்டத்தில் கைப்பேசி, சார்ஜர், பவர் பேங்க், மடிக்கணினி, எல்இடி விளக்கு முதலியவை அடங்கும். அமைவனம் அங்கீகரித்த ஆய்வகத்தின் பரிசோதனை அறிக்கை, உற்பத்தியாளரின் உறுதிமொழி ஆகியவற்றின் அடிப்படையில் பதிவு வழங்கப்படும். இதன் எண் 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும்.

மூன்றாவது தங்க நகைகளுக்கான ஹால்மார்க். 2023 ஏப்ரல் 1 முதல், ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு கொண்ட ஹால்மார்க் நகைகளை மட்டுமே கட்டாய ஹால்மார்க் நடைமுறையின் கீழ் விற்கலாம். இது பாதுகாப்பைவிடத் தூய்மை சார்ந்த விதி என்றாலும், இணையத்தில் நகை விற்போரையும் கட்டுப்படுத்துகிறது.

இங்கே விற்பனையாளர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. ஐஎஸ்ஐ உரிமம் வணிகருக்கோ இறக்குமதியாளருக்கோ வழங்கப்படுவதில்லை. குறிப்பிட்ட இடத்தில் இயங்கும் உற்பத்தி ஆலைக்கு, குறிப்பிட்ட தரநிலையின் கீழ் வழங்கப்படுகிறது. வெளிநாட்டில் தயாராகும் பொருளுக்கும் அந்நாட்டு ஆலையே உரிமம் பெற வேண்டும். அதற்கு இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். ஆகவே முத்திரையில்லாச் சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் தன் பெயரில் உரிமம் பெற்றுக்கொள்ளலாம் என்பது நடவாது. உரிமம் பெற்ற ஆலையிலிருந்து வாங்குவது ஒன்றே வழி. பிறர் தயாரித்த மின்னணுப் பொருளில் சொந்த வணிகப் பெயரை அச்சிட்டு விற்போருக்கு மற்றொரு கடமையும் உண்டு. கட்டாயப் பதிவுத் திட்டத்தில் ஆலை, பொருள், வணிகப் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தே பதிவு அமைகிறது. அதே ஆலை வேறொரு பெயருக்குப் பெற்ற பதிவு, புதிய பெயருக்குப் பொருந்தாது.

விற்றால் மட்டும் அன்று, வைத்திருந்தாலும் மீறல்

தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 17-வது பிரிவே இத்துறையின் அடித்தளம். கட்டாயச் சான்றுக்கு உட்பட்ட பொருளை முத்திரையின்றித் தயாரித்தல், இறக்குமதி செய்தல், வினியோகித்தல், விற்றல், வாடகைக்கு விடுதல், குத்தகைக்குத் தருதல், சேமித்து வைத்தல், விற்பனைக்காகக் காட்சிப்படுத்தல் ஆகிய அனைத்தையும் அப்பிரிவு தடை செய்கிறது.

இப்பட்டியலில் இறுதியாக உள்ள இரண்டு செயல்கள் இணைய வணிகத்துக்கு முதன்மையானவை. கிடங்கில் வைப்பது 'சேமித்தல்' ஆகிறது. தளத்தில் படத்துடன் பட்டியலிடுவது 'விற்பனைக்காகக் காட்சிப்படுத்தல்' ஆகிறது. ஒரு பொருள்கூட விற்பனையாகாவிட்டாலும் மீறல் நேர்ந்துவிடுகிறது. உரிய சான்று இல்லாமல் 'இந்தியத் தரநிலைக்கு உட்பட்டது' என்று விளம்பரத்திலோ விலைப்பட்டியலிலோ கூறிக்கொள்வதும் அதே பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது.

இச்சட்டத்தின் 29-வது பிரிவு வகுத்த தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முதல் முறை 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும், அடுத்தடுத்த முறைகளில் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமலும் இருக்கும். பொருளின் மதிப்பைப் போல் பத்து மடங்கு வரையும் உயரலாம். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்கு வைத்திருந்த சிறு வணிகருக்கும் குறைந்தபட்ச அபராதம் லட்சங்களில்தான் தொடங்குகிறது.

குக்கர் வழக்குகள் உணர்த்தியவை

அலுமினியக் குக்கருக்குள் நீராவி அழுத்தம் எல்லை மீறும்போது அதை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. அது உரிய நேரத்தில் இயங்காவிட்டால் சமையலறையில் வெடிப்பு நேரும். அருகில் நிற்பவர் உயிரிழக்கவும் கூடும். இதனால்தான் வீட்டுப் பயன்பாட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ். 2347 என்னும் தரநிலை கட்டாயமாக்கப்பட்டு, அதற்கான ஆணை 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

ஆணை வந்த பிறகும் முத்திரையில்லாக் குக்கர்கள் இணையத்தில் விற்கப்பட்டதை அடுத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் தாமாக முன்வந்து ஐந்து தளங்களுக்கு அறிவிக்கை அனுப்பியது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் அமைக்கப்பட்டது இந்த ஆணையம். தனிநபர் வழக்குகளைத் தீர்ப்பது இதன் வேலையன்று. நுகர்வோர் என்னும் பெருந்திரளின் உரிமைகளைக் காப்பதே இதன் நோக்கம்.

விசாரணையின் முடிவில் பேடிஎம் மால், ஸ்னாப்டீல் நிறுவனங்களுக்கு 2022 மார்ச்சிலும், அமேசான், பிளிப்கார்ட் நிறுவனங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அமேசான் வழியாக 2,265 குக்கர்களும், பிளிப்கார்ட் வழியாக 598 குக்கர்களும் விற்பனையாகியிருந்தன. அபராதத்தைவிட உத்தரவின் மற்றப் பகுதிகள் கடுமையானவை: வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும், குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், விலையைத் திருப்பித் தர வேண்டும், அதன் அறிக்கையை ஆணையத்திடம் அளிக்க வேண்டும்.

தாங்கள் வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் இடைநிலையாளர்களே என்பது தளங்களின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு இடைநிலையாளருக்குச் சில நிபந்தனைகளுடன் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் ஆணையம் பணம் சென்ற வழியைப் பார்த்தது. அக்குக்கர்களின் விற்பனையில் அமேசான் 6 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் ஈட்டியிருந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் வருவாய் பெறும் நிறுவனம், சிக்கல் எழும்போது மட்டும் விலகி நிற்க இயலாது என்பது ஆணையத்தின் முடிவு. பிளிப்கார்ட் வழக்கில், ஒவ்வொரு ரசீதிலும் அந்நிறுவனத்தின் பெயர் இடம்பெறுவதும், விற்பனையாளர்கள் தங்கம், வெள்ளி, வெண்கலம் எனத் தரம் பிரிக்கப்படுவதும், விற்பனையில் தளத்துக்குள்ள பங்கைக் காட்டுவதாக எடுத்துக்காட்டப்பட்டது. இவ்வுத்தரவுகளை இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தன.

2021 டிசம்பரில் ஆணையம் இரண்டு பாதுகாப்பு அறிவிப்புகளையும் வெளியிட்டது. முத்திரையில்லாத தலைக்கவசம், குக்கர், சமையல் எரிவாயு சிலிண்டர் ஆகியவற்றை வாங்க வேண்டாம் என்று முதல் அறிவிப்பு எச்சரித்தது. தண்ணீர் சூடாக்கும் மின்கம்பி, தையல் இயந்திரம், மைக்ரோவேவ் அடுப்பு, கேஸ் அடுப்பு முதலிய வீட்டு உபயோகப் பொருள்களை இரண்டாவது அறிவிப்பு குறிப்பிட்டது.

பொம்மைகள்: குழந்தையின் வாய்க்குச் செல்லும் பொருள்

இறக்குமதிப் பொம்மைகள் குறித்து இந்தியத் தரக் குழுமம் 2019-இல் மேற்கொண்ட ஆய்வில் 66.90 சதவீத மாதிரிகள் தேர்ச்சி பெறவில்லை. இதைத் தொடர்ந்து 2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் அமலாகியது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொருள்கள் இதில் அடங்கும். சாதாரணப் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 9873 தரநிலையின் பல பகுதிகளும், மின்சாரத்தால் இயங்குபவற்றுக்கு ஐ.எஸ். 15644 தரநிலையும் பொருந்தும்.

தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகங்கள் உள்ளனவா, விளிம்புகள் கூர்மையாக உள்ளனவா, எளிதில் தீப்பற்றுமா, வண்ணப்பூச்சிலிருந்து ஈயம் போன்ற உலோகங்கள் வெளிப்படுமா, நெகிழியை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வேதிப்பொருள்கள் அளவு மீறியுள்ளனவா என்று இத்தரநிலைகள் பரிசோதிக்கின்றன. இவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. இணையப் படத்தில் பார்த்து அறிவது அதனினும் அரிது. முத்திரையின் தேவை இங்குதான் தெளிவாகிறது.

கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தயாரித்து விற்கும் பொம்மைகளும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதன் பதிவு உரிமையாளரோ அங்கீகரிக்கப்பட்ட பயனரோ தயாரித்து விற்பதும் ஆணையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. கர்நாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் கொண்டபள்ளி, தமிழகத்தின் தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் விலக்கு ஊர்ப் பெயருக்கு உரியதன்று; பதிவு பெற்றவருக்கு உரியது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலத் தோன்றும் ஒன்றை வேறெங்கோ செய்து விற்பவருக்கு அது பொருந்தாது.

விற்பனையாளரின் கடமைகள்

2020 ஜூலை 23-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள், தளத்துக்கும் விற்பனையாளருக்கும் தனித்தனிக் கடமைகளை வகுத்துள்ளன. விற்பனையாளர் தளத்துடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும். பொருளின் உண்மைத் தன்மைக்கு மாறாக விளம்பரம் செய்யக் கூடாது. நுகர்வோர் போல வேடமிட்டுத் தாமே மதிப்புரை எழுதக் கூடாது. மொத்த விலை, அதன் பிரிவுகள், சட்டப்படி தர வேண்டிய அறிவிப்புகள், காலாவதித் தேதி, தயாரிக்கப்பட்ட நாடு, இறக்குமதியாளரின் விவரம் ஆகியவற்றைத் தர வேண்டும். குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு மாறான பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகார் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை அளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

தளத்தின் கடமைகள்

படமும் விவரமும் பொருளோடு ஒத்துப்போகும் என்ற உறுதிமொழியை ஒவ்வொரு விற்பனையாளரிடமிருந்தும் தளம் பெற வேண்டும். விற்பனையாளரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், தரமதிப்பீடு ஆகியவற்றை வாங்குபவர் பார்க்கும் இடத்தில் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் வழங்க வேண்டும். தளமே பொருளைச் சொந்தமாக வைத்து விற்குமானால் விற்பனையாளரின் கடமைகளும் அதற்குச் சேரும். அந்நிய முதலீட்டு விதிகளின்படி வெளிநாட்டு முதலீடு பெற்ற தளங்கள் சொந்தச் சரக்கை விற்க அனுமதியில்லை. அவை சந்தையாகவே இயங்க வேண்டும். எனவேதான், அத்தகைய தளங்களில் கடமையின் பெரும்பகுதி பட்டியலிடும் சிறு விற்பனையாளரின் மேல் வந்து விழுகிறது.

இவற்றுடன், ஆபத்தான பொருள்களைக் கண்டறிந்து தடுத்தல், அரசு அமைப்புகளுடன் ஒத்துழைத்தல், விற்பனையாளர்களிடமும் நுகர்வோரிடமும் விழிப்புணர்வு ஏற்படுத்தல் ஆகியவற்றுக்கு உடன்படும் தன்னார்வப் பாதுகாப்பு உறுதிமொழியில், 2024 டிசம்பர் தேசிய நுகர்வோர் தினத்தையொட்டிப் பல இணைய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. இது விருப்பத்தின்பேரில் ஏற்பது. சட்டக் கடமைக்கு மாற்றாகாது.

பொட்டலப் பொருளும் உணவும்

பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளுக்குச் சட்டமுறை எடையளவு விதிகளும் சேரும். உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் முதலியவை பொட்டலத்தில் மட்டுமன்றி இணையப் பக்கத்திலும் இடம்பெற வேண்டும் என்ற திருத்தம் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவற்றுக்கு மட்டும் இணையப் பக்கத்தில் விலக்கு உண்டு.

உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் பதிவோ உரிமமோ தேவை; அதன் 14 இலக்க எண் பொட்டலத்தில் இருக்க வேண்டும். வாங்குபவரிடம் சேரும் நேரத்தில் உணவுக்கு மொத்தப் பயன்பாட்டுக் காலத்தில் 30 சதவீதமோ, காலாவதிக்கு முன் 45 நாள்களோ எஞ்சியிருக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையத்தின் அறிவுறுத்தல். அழகுப் பொருள்களை இறக்குமதி செய்து விற்போர் அழகுப் பொருள் விதிகள் 2020-இன்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆணை இல்லாத பொருளும் ஆபத்தாகலாம்

தரக் கட்டுப்பாட்டு ஆணையில் பெயர் இல்லை என்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. காரில் சீட் பெல்ட் அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கையை நிறுத்தும் உலோகக் கொக்கி இதற்குச் சான்று. சில நூறு ரூபாய்க்கு விற்கப்பட்ட இந்தக் கொக்கியின் ஒரே பயன், உயிர் காக்கும் எச்சரிக்கையை அடக்குவது. 2021-இல் சீட் பெல்ட் அணியாததால் சாலை விபத்துகளில் 16,397 பேர் உயிரிழந்தனர் என்பது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் புள்ளிவிவரம். 2023 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து தளங்களுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தது. இதையொட்டி 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன.

உரிய அனுமதி விவரம் இல்லாத வாக்கி டாக்கி கருவிகள் விற்கப்படுவதைத் தடுக்கவும் 2025 மே மாதம் ஆணையம் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எந்த அலைவரிசையில் இயங்கும், உபகரண வகை ஒப்புதல் உள்ளதா என்பவற்றைப் பட்டியலிலேயே காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

விபத்து நேர்ந்தால் இழப்பீடு யார் தர வேண்டும்?

குறைபாடுள்ள பொருளால் உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. முதற்பொறுப்பு உற்பத்தியாளருக்கு. ஆனால் விற்பனையாளர் அதனால் தப்பிவிட முடியாது. உற்பத்தியாளர் யார் என்றே தெரியாதபோதும், தெரிந்தும் அவருக்கு அறிவிக்கை சேர்ப்பிக்க இயலாதபோதும், விற்பனையாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று 86-வது பிரிவு கூறுகிறது. பொருளை மாற்றியமைத்ததால் தீங்கு நேர்ந்தாலும், உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சேர்க்காவிட்டாலும் அப்படியே.

பெயரில்லாப் பெட்டியில் வரும் மலிவான சரக்கை விற்பவரின் நிலை இதனால் மோசமானது. ரசீது இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை என்றால், சட்டத்தின் முன் தயாரித்தவரின் இடத்தில் அவரே நிற்க நேரும். பாதிக்கப்பட்டவர் பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ தாமே மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளருக்கு விலக்கு கிடைக்கும்.

ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட, அதே சட்டத்தின் 20-வது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவை மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 20 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பட்டியலிடும் முன் விற்பனையாளர் செய்ய வேண்டியவை

1. பொருளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை உள்ளதா என்று தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய சரக்கு வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது.

2. ஆணை இருந்தால், வாங்குவதற்கு முன்பே உற்பத்தியாளரிடம் உரிம எண்ணைக் கேட்க வேண்டும். உரிமத்தின் நகலை மட்டும் நம்பாமல், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டுப் பார்க்க வேண்டும். ஆலையின் பெயர், பொருள், தரநிலை ஆகியவை பொருந்துகின்றனவா, உரிமம் நடப்பில் உள்ளதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். காலாவதியான அல்லது ரத்தான உரிமத்தின் எண்ணை அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. உரிமம் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது தலைக்கவச உற்பத்தியாளர்களிடமிருந்து தில்லியில் 2,500-க்கும் மேற்பட்ட தலைக்கவசங்கள் கைப்பற்றப்பட்டன.

3. முத்திரை பெட்டியில் மட்டும் உள்ளதா, பொருளிலும் உள்ளதா என்று சரக்கு வந்தவுடன் பார்க்க வேண்டும். முத்திரை தெளிவாகத் தெரியும் படத்தையும் உரிம எண்ணையும் விற்பனைப் பக்கத்தில் சேர்ப்பது நம்பகத்தன்மையைக் கூட்டும்.

4. கொள்முதல் ரசீது, தொகுதி எண், பரிசோதனை அறிக்கை, யாருக்கு எப்போது விற்றோம் என்ற பதிவு ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். திரும்பப் பெற நேர்ந்தால் வாங்கியவரைக் கண்டறியவும், வழக்கு வந்தால் உற்பத்தியாளரைக் காட்டவும் இவையே உதவும்.

5. சூடாகிறது, புகைகிறது, உடைகிறது என்று ஒரே வகையான புகார் மீண்டும் வந்தால் விற்பனையை உடனே நிறுத்தி, எஞ்சிய சரக்கைத் தனியே வைத்து, தளத்துக்கும் உற்பத்தியாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தாமே தயாரித்து விற்கும் சிறு தொழில் முனைவோருக்கு உரிமச் செலவு பெருஞ்சுமையாகத் தோன்றலாம். ஐஎஸ்ஐ உரிமத்துக்கான குறைந்தபட்ச ஆண்டு முத்திரைக் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கு 50 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 20 சதவீதமும் சலுகை உண்டு. பரிசோதனைக் கட்டணமும் ஆய்வுச் செலவும் இதற்குப் புறம்பானவை என்பதால், பொருளின் விலையை நிர்ணயிக்கும்போதே இவற்றையும் கணக்கில் கொள்வது முறை.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பட்டியலில் விற்பனையாளரின் பெயர், முகவரி, தயாரிக்கப்பட்ட நாடு ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பொருள் கைக்கு வந்தவுடன், பயன்படுத்தும் முன், முத்திரைக்குக் கீழுள்ள எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்க வேண்டும். எண்ணே இல்லாத ஐஎஸ்ஐ முத்திரை ஐயத்துக்குரியது. போலி முத்திரை குறித்து அச்செயலியிலேயே புகார் செய்யலாம்.

தளமும் விற்பனையாளரும் தீர்வு தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் சேவை கிடைக்கிறது. பலரைப் பாதிக்கும் ஆபத்தான பொருள் பற்றி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ முறையிடலாம். இழப்பீடு வேண்டுவோர், கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். விற்பனையாளர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். 2025 ஜனவரி முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் மனு அளிக்கலாம்.

கடையில் வாங்கும்போது பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவும், கடைக்காரரிடம் கேட்கவும் வாய்ப்பு உண்டு. இணையத்தில் வாங்குபவருக்குப் படமும் சில வரிகளுமே ஆதாரம். அந்த வரிகளை எழுதுபவர், அவற்றைக் காட்டும் தளம், பொருளைச் செய்த ஆலை ஆகிய மூவரில் எவரும் மற்றவரைக் காட்டி முழுதாக விலகிவிட முடியாதபடி சட்டம் அமைந்துள்ளது. விற்பனையாளருக்கு இதில் எஞ்சும் பாதுகாப்பு ஒன்றே: பட்டியலிடும் முன் உரிம எண்ணைச் சரிபார்ப்பதும், வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துவதும்.